மாங்கனியும் அந்தாதியும்



பன்னிரு திருமுறைகளைப் பாடியோர் 27 பேர் என்பது மரபு. அவர்களுள் பெண் ஒருவரே. காவிரி வளநாட்டின் கடற்கரை ஊராம் காரைக்காலில் பிறந்த அம்மையார். ஆனிப் பௌர்ணமியையொட்டி அவ்வூரில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவை அறியாத தஞ்சைத் தரணியார் இலர். பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் மாடிகளிலிருந்து மாங்கனிகள் இறைக்கப்படுகின்றன. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அவற்றை முந்தானையில் ஏந்துகின்றனர்.

விழாவுக்குரிய கதையை நாம் அறிவது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் வாயிலாக. கறி சமைந்திராத வேளையில் பசித்துவந்த அடியாருக்குச் சோற்றுடன் மாங்கனியைப் படைத்த புனிதவதி, அஞ்சி விலகிய பரமதத்தன், உதறப்பட்ட உடலழகு. இல்லறத்துப் பெண்டிர் தம்மை அக்கதையில் காண்பது இயல்பே.

ஆயின் அம்மையாரின் சொற்கள் வேறு. அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் சேர்த்து 22, ஆக 143 பாடல்கள். இவற்றுள் மாங்கனி இல்லை, பரமதத்தன் இல்லை, புனிதவதி என்னும் பெயரும் இல்லை. தம்மைக் காரைக்காற் பேய் என்றே அவர் குறிக்கிறார். பதிக இறுதியில் பாடியவர் பெயரும் பாடுவோர் பெறும் பயனும் வைக்கும் முறை, சம்பந்தருக்கு முன்னரே அவரிடம் அமைந்துவிட்டது. புலவர் உலகம் இதனை உரக்கச் சொல்வதில்லை!

அந்தாதியின் தொடக்கம் கவிஞர்க்குச் சிறப்பாக உரியது. பிறந்து, மொழி பயின்ற காலத்திலிருந்தே தம் அன்பு தொடங்கியதாக அவர் கூறுகிறார். இடரை எப்போது தீர்ப்பாய் என்றும் இறைவனைக் கேட்கிறார். அடுத்த வெண்பாவிலோ, இடர் தீர்க்காவிடினும் இரங்காவிடினும் அன்பு அறாது என்கிறார். முந்தானையில் கனி விழாத பெண்ணுக்கும் உரிய சொல் அன்றோ அது? திருவிழாக் கூட்டத்தில் அது அவள் செவிக்கு எட்டுவதேயில்லை.

தாராசுரத்துச் சிற்பி அம்மையாரைத் தலையால் நடந்து கயிலை ஏறுபவராகச் செதுக்கினான். சேக்கிழார் கதை அது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்டசோழபுரத்துத் தென்சுவரில், ஆடும் பெருமானின் அடியருகே என்பும் தோலுமாய் அமர்ந்திருக்கிறார் அவர். அச்சிற்பியின் செவியில் ஒலித்தது ஆலங்காட்டுப் பதிகமாகத்தான் இருக்கவேண்டும்.