சொல்தா வீட்டுப் பையன்

காலாப்பட்டு ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவங்களுக்கு இந்த டயலாக் பழக்கமா இருக்கும்: "அவனுக்கென்னடா, சொல்தா வீட்டுப் பையன்!" சொல்தான்னா பிரெஞ்சுல சிப்பாய். தாத்தா பிரெஞ்சு ராணுவம், அப்பா பிரெஞ்சு ராணுவம், வீட்டுக்கு யூரோவுல பென்ஷன். மத்தவங்களுக்கு அது ஒரு லாட்டரி மாதிரி தெரியும். இன்னைக்கு எபிசோடு அந்த லாட்டரிக்கு என்ன விலை கொடுத்தாங்கங்கிறதைப் பத்தி.

ரெண்டு தேதியைப் பார்ப்போம். 1954 நவம்பர் 1: பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாகிட்ட ஒப்படைச்ச நாள். நமக்கு விடுதலை நாள், லீவு. அதே 1954 நவம்பர் 1-லதான் அல்ஜீரியாவுல பிரான்சுக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்குச்சு. அடுத்தது 1962. ஜூலை 5 அல்ஜீரியா சுதந்திர நாடாகுது. ஆகஸ்ட் 16 புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேருது.

இப்போ நடுவுல நிக்கிற புதுச்சேரி சிப்பாயை நினைச்சுப் பாருங்க. இந்தோசீனாவுல வியட்நாம்காரங்களுக்கு எதிரா சண்டை போட்டாச்சு. அடுத்து அல்ஜீரியா. தன் சொந்த ஊர் எந்த ஆட்சியில இருந்து வெளியே வந்துச்சோ, அதே ஆட்சிக்காக, வெளியே போகத் துடிக்கிற இன்னொரு ஜனத்து மேல அவர் துப்பாக்கி தூக்கணும்.

"ஏன் போனாங்க?"ன்னு கேட்கிறது ஈஸி. ஆனா 1881-லயே பிரெஞ்சு அரசு ஒரு வழி திறந்து வெச்சிருந்தது. சாதி, மதம் சார்ந்த தனிச்சட்டத்தை விட்டுட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கலாம், புதுசா ஒரு குடும்பப் பெயரும் வெச்சுக்கலாம். அப்படி மாறினவங்கள்ல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க நிறைய பேர். ஊர்ல தெருவுக்குள்ள நடக்கவே யோசிக்க வேண்டியிருந்த ஒருத்தருக்கு யூனிஃபார்ம், சம்பளம், ரேங்க் எல்லாம் கிடைச்சா என்ன செய்வார்? மகனையும் அனுப்புவார். பரம்பரை வீரம்னு நாம சொல்றதுல பாதி இந்தக் கணக்குதான்.

1962-ல ஆறு மாசம் டைம் கொடுத்தாங்க. பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா எழுதிக் கொடுக்கணும், இல்லைன்னா இந்தியர். சில ஆயிரம் பேர்தான் எழுதிக் கொடுத்தாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ இருந்த பிள்ளைகளுக்கு அப்பா எடுத்ததுதான் முடிவு. ஒரு கையெழுத்து, அதோட அடுத்த தலைமுறையின் தேசம் முடிவாகிடுச்சு. அந்தப் பையன் வளர்ந்ததும் பிரான்ஸ் கட்டாய ராணுவ சேவைக்குக் கூப்பிடும். அங்கே போய் அப்படியே ராணுவத்துல தங்கினவங்களும் உண்டு. அப்போ பதினஞ்சு வருஷம் முடிச்சா பென்ஷன் கிடைச்சுது. கட்டாய சேவையை நிறுத்துறதா 1996-ல ஷிராக் அறிவிச்சார். அது நின்ன பிறகு போறவங்க தாங்களா விரும்பித்தான் போறாங்க.

அதனால 'சொல்தா வீட்டுப் பையன்'னு கிண்டல் பண்றப்போ ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கலாம். அந்தப் பென்ஷன் சும்மா வந்த காசு இல்லை. அதே நேரம் அதைத் தியாகம்னு மட்டும் சொல்லிட்டா, வியட்நாம்லயும் அல்ஜீரியாவுலயும் எதிர்ப்பக்கம் செத்தவங்க கணக்குல வராம போயிடுவாங்க. ரெண்டையும் சேர்த்தே பேசணும்.

ஜூலை 14 அன்னைக்கு பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்குப் போங்க. மெடல் குத்தின பெரியவங்க வரிசையா நிப்பாங்க, ரெண்டு நாட்டு தேசிய கீதமும் ஒலிக்கும். முடிஞ்சதும் யாராவது ஒரு தாத்தாகிட்ட, "எந்த ஊருக்குப் போனீங்க, அங்கே என்ன பார்த்தீங்க?"ன்னு கேளுங்க. பென்ஷன் எவ்வளவுன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. இதை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.