வழிகாட்டும் செயற்கைக்கோள் மின்னலைச் சொல்லுமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், போன்ல வழி காட்டுற செயற்கைக்கோள் மழை வருமான்னும் சொல்லுமா?" "அது வேற, இது வேறம்மா" என்று உட்கார வைத்துவிட்டேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, தவறு என்னுடையது.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை காற்றுமண்டலத்தில் நுழையும்போது சற்றே தாமதமாகிறது. சந்தை நாளில் அதே தெருவைக் கடக்கக் கூடுதல் நேரம் ஆகிறதல்லவா? அதுபோலத்தான். தலைக்கு நேர்மேலிருந்து வரும் சமிக்ஞையின் தாமதத்தைத் தொலைவாக மாற்றினால் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். அதில் பெரும்பகுதி உலர்காற்றால் வருவது. தரையில் காற்றழுத்தத்தை அளந்தால் அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மிஞ்சுவது நீராவியின் பங்கு. வறண்ட நாளில் சில செ.மீ.; புழுக்கமான நாளில் 30 செ.மீ.க்கும் மேல். நில அளவையாளர்கள் பிழை என்று நீக்கி வந்த இந்த மிச்சத்தைக் கொண்டே ஈரப்பதத்தை அளக்கலாம் என்று மைக்கேல் பெவிஸும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் எடுத்துக்காட்டினர். வானிலை பலூன் வழக்கமாக நாளுக்கு இரண்டு முறைதான் பறக்கும். இந்தக் கருவியோ மேகம் மூடினாலும் இரவு பகலாக அளக்கும்.

சரி, மின்னல்? ஈரக்காற்று வேகமாக மேலெழுந்து உறைகிறது. பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதிக்கொள்ள, மின்னூட்டம் பிரிகிறது. ஆகவே, நீராவி குவிவது இடிமேகத்துக்கான முன்னேற்பாடு. அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1969இல் அப்பல்லோ 12 கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் இருமுறை மின்னல் தாக்கியது. 1987இல் அதன் அருகே கேப் கனாவரலிலிருந்து ஏவிய அட்லஸ் சென்டார் ராக்கெட் மின்னலால் அழிந்தது. அம்மையத்துக்கென மின்னல் முன்னறிவிப்புக் குறியீடு ஒன்றை ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டனர். ஜி.பி.எஸ். தந்த ஈரப்பதம், ஒன்பது மணி நேரத்தில் அது மாறிய அளவு, தரையில் அளந்த மின்புலம், காற்றின் நிலையின்மை ஆகிய நான்கும் அதில் சேர்ந்தன. ஈரப்பதம் மட்டும் மின்னலைச் சொல்லிவிடாது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

நமக்கு ராக்கெட் இல்லை. விளையாட்டு மைதானத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கிறார்கள். மின்னலைக் கண்டதும் எண்ணச் சொல்லுங்கள். 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் வர வேண்டும். வேப்பமரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே விடுங்கள். 'தாமினி' செயலியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் அந்த மாணவியை எழுப்பி, வகுப்பின் முன் சொன்னேன்: "அன்னைக்கு நீ கேட்டது சரிம்மா, நான் சொன்னதுதான் தப்பு." அதன்பின் அந்த வகுப்பில் கேள்விகள் கூடிவிட்டன.