வீட்டுக் காவலும் கைத்துப்பாக்கியும்

இல்லத்தையும் மக்களையும் காப்பது ஒருவனின் கடமை என்பதில் ஐயமில்லை. எதனைக் கொண்டு காப்பது என்பதிலேதான் அமெரிக்க நகரங்கள் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றன.

சிக்காகோ நகரில் ஓட்டிஸ் மக்டொனால்ட் என்னும் முதியவர் வாழ்ந்தார். அவர் வீட்டிற் கள்வர் பலமுறை புகுந்தனர். வேட்டைத் துப்பாக்கி அவரிடம் இருந்தது. ஆயினும், எளிதிற் கையாளத்தக்க கைத்துப்பாக்கியையே அவர் வேண்டினார். 1982ஆம் ஆண்டின் நகரச் சட்டமோ அதற்கு இடந்தரவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் நகரங்களையும் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று, 2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் முடிவு செய்தனர்; நால்வர் மறுத்தனர்.

உரிமை கிடைத்தது. ஆனால், வீட்டில் அத்துப்பாக்கியை எங்கே வைப்பது? பூட்டி வைத்தால், கள்வன் புகும் நொடியில் உதவாது போகலாம். பூட்டாது தலையணையின் கீழ் வைத்தால், விளையாடும் குழந்தைக்கும் எட்டும்; மனமுடைந்த மகனுக்கும் எட்டும். அந்நாட்டில் துப்பாக்கியால் மாள்வோருட் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டு மாள்பவர் என்பதை மறத்தலாகாது. இதனாலேயே, உரியவரின் விரல் பட்டதும் திறக்கும் இரும்புப் பெட்டிகள் அங்கு விற்பனைக்கு வந்துள்ளன.

மக்டொனால்டின் அச்சம் பொய்யன்று. எனினும், கள்வன் என்றோ ஓரிரவு வருவான்; துப்பாக்கியோ எல்லா இரவும் வீட்டில் இருக்கும். அதனை வாங்குவோன் வாயிலை நோக்குமுன், உள்ளே உறங்குவோரை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.