அடுப்படிப் புகையும் வயிற்றுப் பிள்ளையும்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரத் தோட்டம், கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாகப் போனால் வரும். அங்கிருந்து தேயிலை பரவிய மலையெங்கும் தொழிலாளர் லயங்களும் பரவின. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் ஒரு சிறு விறாந்தை. பழைய லயம் பலவற்றில் இவ்வளவுதான் வீடு. அடுப்புக்கென்று யாரும் இடம் ஒதுக்கவில்லை. குடும்பங்களே மூலையிலோ பின்புறத் தகரச் சாய்ப்பிலோ குசினியை ஒதுக்கிக்கொண்டன. அந்தக் குசினிப் புகை வயிற்றுப் பிள்ளையை என்ன செய்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் விறகாகும் கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, காயாது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டி சுட்டுத் தேத்தண்ணி வைக்க வேண்டிய பெண், ஈர விறகை ஊதி ஊதியே பற்றவைக்கிறாள். ஒவ்வொரு ஊதலுக்கும் அடுத்த மூச்சை அடுப்பின் வாயருகிலிருந்தே இழுக்கிறாள். மாதம் எட்டானாலும் இந்த வேலை மாறுவதில்லை.

புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தாயின் இரத்தத்தில் ஒட்சிசனுக்கு இடம் குறைந்தால் சூல்வித்தகம் வழியாகப் பிள்ளைக்குப் போவதும் குறையும். தாய்க்கு இரத்தச்சோகையும் இருந்தால் இழப்பு இன்னும் கூடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலைத் தாண்டி இரத்தத்தில் கலக்கின்றன. சூல்வித்தகத்தில் பிள்ளையின் பக்கத்திலேயே கரித்துகள்கள் படிந்திருப்பதைப் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் காட்டினர்.

2,500 கிராமுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தை நிறை குறைந்த குழந்தை. இலங்கையில் இந்தப் பிறப்புகள் தோட்டப்புறத்தில் நாட்டின் சராசரியைவிட அதிகம் என்று 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீடு சொல்கிறது. இதற்குப் புகை மட்டுமே காரணமல்ல; தாயின் உணவு, இரத்தம், உயரம், வேலைப்பளு எல்லாம் சேர்கின்றன. புகையின் பங்கு எவ்வளவு?

குவாத்தமாலாவில் 2002இல் வெளிவந்த ஆய்வில், விறகில் சமைத்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 63 கிராம் குறைந்து பிறந்திருந்தன. அப்படியானால் விறகுக்குப் பதில் எரிவாயு கொடுத்தால் போதுமே என்று தோன்றும். தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களிலும் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். தமிழ்நாட்டுப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நடத்தியது. விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீற்றருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம்; எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்ததோ 24 அளவுதான். 2022இல் முடிவு வந்தபோது பிறப்பு நிறையில் கிடைத்தது 20 கிராம் வித்தியாசம். புள்ளிவிபரக் கணக்கில் அது நிற்கவில்லை.

இதைக் கொண்டு புகையால் கெடுதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்பெண்களுக்கு அடுப்பு வந்து சேர்ந்தது கர்ப்பத்தின் 9ஆம் வாரத்துக்குப் பிறகு. சிலருக்கு 20ஆம் வாரத்தை நெருங்கும்போது. சூல்வித்தகம் உருவாகத் தொடங்குவதோ அதற்கும் முன்பே. எனவே கர்ப்பிணிக்கு அடுப்புக் கொடுப்பது பிந்திய வேலை. கல்யாணமாகி வரும் பெண் நுழையும் குசினியே புகையற்றதாக இருக்க வேண்டும், இரும்புச்சத்தும் திரிபோஷாச் சத்துமாவும் கூடவே வர வேண்டும்.

அடுப்பை மாற்றுவதில் கண்டிக்குச் சொந்த அனுபவம் உண்டு. இங்கிருந்து இயங்கும் ‘ஐடியா’ அமைப்பு, ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரம் வைக்கும் ‘அனகி’ மண்ணடுப்பைப் பரப்பிற்று. விறகு மிச்சமாகிறது. ஆனால் அடுப்போடு புகைபோக்கி வருவதில்லை. கூரைக்கு மேலே போகும் குழாயை வீட்டார்தான் வைக்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் நூற்றுக்கு 78 குடும்பங்கள் விறகையே நம்பியிருந்தன. எரிவாயுவுக்கு மாறியவர்களையும் 2022 பொருளாதார நெருக்கடி விறகுக்கே திருப்பி அனுப்பியது: 2021 ஒக்டோபரில் 2,675 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் அடுத்த ஏப்ரலில் 4,860 ஆனது. காசிருந்தும் சிலிண்டர் கிடைக்காமல் கண்டி நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு மூண்டது.

பிறந்த பின்னும் பிள்ளை அதே காம்பிராவில்தான் கிடக்கிறது. குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம். அதுவும் அந்தப் பிஞ்சு நுரையீரலுக்குப் புகைதான். தலையைத் துணியால் துவட்டினாலே ஈரம் போய்விடும்.

செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் முதற்பதிவிலேயே எந்த அடுப்பு, எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதலாம். லயத்துக்குப் பதிலாகத் தனிக் காணியில் எழும் புதிய வீடுகளில் புகைபோக்கியையும் கட்டட வேலையோடு சேர்த்தே முடிக்கலாம். மழைக்கு முன் விறகை அடுக்கி உலர்த்த, லயத்துக்கு ஒரு கூரைக் கொட்டகையைத் தோட்ட நிர்வாகம் போட்டுத் தரலாம்.