இணையமும் எல்லைச் சாவடியும்

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்வோர் ஜூஜூவாடியை அடுத்து மாநில எல்லையைக் கடக்கிறார்கள். முன்னாளில் அங்கே லாரிகள் விற்பனை வரிச் சாவடியின் முன் காத்துக் கிடக்கும். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு, சேவை வரி அமலுக்கு வந்தது. அச்சாவடிக்கு வேலை அற்றுப் போயிற்று. வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும் கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மாநிலங்களுக்கு மூன்றில் இரு பங்கு.

இணையத்தைப் பற்றி உலக அரசாங்கங்கள் நடத்தும் வழக்கும் இத்தகையதே. சிப்காட் பட்டறை ஒன்றுக்கு உதிரிப் பாகத்தின் வரைபடம் அயல்நாட்டிலிருந்து நொடியில் வந்துவிடுகிறது. அதற்குச் சாவடி வேண்டுமா? வேண்டுமெனில் யார் கையில்?

நம் அரசாங்கம் கையில் என்பர் சிலர். அவர்கள் அச்சம் வீணன்று. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்தியது. கம்பெனி டில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது; சில நாட்களில் சேவை மீண்டது. எனினும் அடைக்கும் கை அயலார் கையாகவே இருக்க வேண்டுவதில்லை. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியது நம் மாநில அரசே அன்றோ!

ஒன்றை மட்டும் எந்த நாடும் தனியே வைத்துக்கொள்ளலாகாது. அதுதான் முகவரிப் பதிவேடு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே அப்பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. நாட்டுக்கொரு பதிவேடு ஏற்பட்டால், ஓசூரில் தட்டிய பெயர் கொழும்பில் வேறொருவர் வாசலைத் திறக்கக்கூடும்.

அப்பதிவேட்டைப் பேணும் ஐகான் ஸ்தாபனம் 1998-இல் கலிபோர்னியாவில் தோன்றியது. 2016 செப்டம்பர் இறுதி வரை இப்பணியை அமெரிக்க வர்த்தக இலாகாவின் ஒப்பந்தத்தின் கீழ்ச் செய்தது. இஃது உலகுக்குப் பொதுவாகுமா என்று பல நாடுகள் கேட்டன. 2011-இல் இந்தியா ஐம்பது நாடுகள் கொண்ட குழு ஒன்றை ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தது. ஆயினும் அடுத்த ஆண்டு துபாயில் 89 நாடுகள் கையொப்பமிட்ட தொலைத்தொடர்பு உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. நல்லதே என்பேன், அரசாங்கங்கள் மட்டும் கூடும் அறையில் பட்டறைக்காரருக்கு இடம் ஏது?

ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஐகான் மட்டும் இன்றும் கலிபோர்னியச் சட்டத்துக்கு உட்பட்டே இருக்கிறது. ஜூஜூவாடிச் சாவடியை ஓயவைத்த ஏற்பாட்டில் தமிழ்நாட்டுக்கு வாக்கு உண்டு. ஐகானின் நிர்வாக சபையிலோ அரசாங்கங்களின் பிரதிநிதி அமர்ந்து பேசலாம், வாக்களிக்க இயலாது.