பாடசாலையிலும் ஒரு செக்ரோல் இருக்கிறது

(தோட்டப் பாடசாலை ஒன்றில் அண்மையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அதிபர் பேசியது. அவருடைய பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். - ஆசிரியர் குழு)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மேல் பிரிவில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தால் பொழுது சாய்வதற்குள் கையில் காசு வந்திருக்கும். அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் பெரிய பேச்சு எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. இந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். பின்னால் இருக்கிறவர்களுக்கும் தெரிகிறதா? இதுதான் வரவு இடாப்பு.

நம்ம பாஷையில் சொன்னால் இது பாடசாலையின் செக்ரோல். பெரட்டுக்களத்தில் காலையில் பேர் போடுகிறார்களே, அதே மாதிரி இங்கேயும் காலையில் பேர் போடுகிறோம். சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் முதலில் என்ன பார்ப்பீர்கள்? இந்த மாதம் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்றுதானே? ஒரு பேர் குறைந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் போய் நிற்பீர்கள். நிற்கத்தான் வேணும், அது உங்கள் வேர்வை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் வரவுக்கென்று நாளுக்கு 60 ரூபா தனியாக இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 75 வீதம் வேலைக்கு வந்திருந்தால்தான் அது கிடைக்கும். இரண்டு நாள் குறைந்ததால் முழுதையும் இழந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். 2019இல் அந்தக் கொடுப்பனவை எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை.

என்னுடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேர்க் கணக்கை அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பார். அரைப்பேர் என்றால் பாதிக் கோடு. கணக்கப்பிள்ளையின் புத்தகத்துக்கும் எங்கள் சுவருக்கும் சண்டை வந்தால் பெரும்பாலும் சுவர்தான் ஜெயிக்கும்.

அப்படிக் கணக்குப் பார்க்கிற நாம், "சேர், என் புள்ளைக்கு இந்த மாசம் எத்தனை நாள் விழுந்திருக்கு?" என்று கேட்டு வருகிறோமா? இந்த வருடம் என்னிடம் அப்படிக் கேட்டு வந்தது இரண்டு அம்மாமாரும் ஒரு தாத்தாவும்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்களும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இதில் சிவப்பு மையில் இருப்பதெல்லாம் பிள்ளை வராத நாள். ஒரு வருடத்தைப் புரட்டினால் அந்தச் சிவப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பத்தாம் திகதி சம்பளம். பதினொன்று, பன்னிரண்டு சிவப்பு. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் இரவு லயத்தில் சத்தம் ஓய்வதற்கு எத்தனை மணி ஆனது என்று உங்களுக்கே தெரியும். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் இன்னொரு வரிசை சிவப்பு. அதைக் கிட்டப் பார்த்தால் எல்லாம் பெண் பிள்ளைகளின் பேர். அம்மா விடியவே மலைக்குப் போய்விடுகிறார், தம்பிக்குக் காய்ச்சல், பிள்ளைக் காம்பராவில் காய்ச்சல் பிள்ளையை எடுக்க மாட்டார்கள், அக்கா வீட்டில் நிற்கிறாள். ஒரு நாள்தானே என்று நினைக்கிறோம். கணிதத்தில் ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் படிப்பிப்பது விளங்காது. விளங்காத வகுப்பில் உட்கார்ந்திருக்க யாருக்குப் பிடிக்கும்? மூன்றாம் நாள் அவளே "நான் போகல்லம்மா" என்று சொல்லிவிடுவாள்.

சுகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேணும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். வியாதி என்று பயந்து மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஐயா முதலில் கேட்பது, "காலையில என்ன சாப்பிட்ட?" பதில், வெறும் தேத்தண்ணி. சில நாள் ஒரு துண்டு ரொட்டி. உங்களுக்கும் காலையில் நேரமில்லை, ஆறு மணிக்கு அடுப்பு மூட்டிப் பெரட்டுக்கு ஓட வேணும். நான் இட்லி, தோசை கேட்கவில்லை. ராத்திரிச் சோற்றில் ஒரு கை எடுத்து வைத்தால் போதும். ரொட்டிக்கு மாசிச் சம்பல், பருப்பு, கீரை, எது இருக்கிறதோ அது. கீரை பருப்போடு கொஞ்சம் எலுமிச்சம் புளி விட்டால் அதில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்தை உடம்பு எடுக்காமல் தேயிலைச் சாயம் தடுத்துவிடும். நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிறவர்களிடம் வந்து இப்படிச் சொல்கிறானே என்று கோபிக்காதீர்கள். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரத்தம் குறைந்த பிள்ளை வகுப்பில் தூங்கும். நாங்கள் சோம்பேறி என்று எழுதுவோம்.

பாடசாலைக்கு வைத்தியக் குழு வருகிற நாளில் சில பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுகிறார்கள். ஊசி போடுவார்கள் என்று பயம். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை. பல், கண், காது, நிறை, உயரம் எல்லாம் பார்ப்பார்கள். தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு 2017ஆம் ஆண்டிலிருந்து ஒரு தடுப்பூசி கொடுக்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பிற்காலத்தில் வராமல் காப்பதற்கு அது. அதைப் போட்டால் பிள்ளைப் பேறு இருக்காது என்று ஒரு லயத்தில் யாரோ கதை கட்டிவிட்டார்கள். அது முழுப் பொய். சந்தேகம் இருந்தால் மருத்துவ மாது அம்மாவிடம் நேரிலே கேளுங்கள். பீலிக்கரையில் கேட்ட கதையை நம்பிக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பாதீர்கள்.

கண் என்று சொன்னதும் ஒரு விஷயம் சொல்லத்தான் வேணும். என்னுடைய குற்றம் அது. நான் முன்பு கணிதம் படிப்பித்த பாடசாலையில் ஏழாம் தரத்தில் ஒரு பையன். கரும்பலகையில் எழுதுவதை எழுத மாட்டான், பக்கத்தில் இருப்பவனுடைய கொப்பியை எட்டிப் பார்த்து எழுதுவான். "பார்த்து எழுதுற கள்ளன்" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசிக் கடைசி வாங்குக்கு அனுப்பினேன். அங்கே போன பிறகு அதையும் எழுதவில்லை. பரிசோதனை நாளில் அவன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று நானும் விசாரிக்கவில்லை. ஒன்பதாம் தரத்தோடு நின்றுவிட்டான். இடாப்பில் அவன் பேரை வெட்டியது நான்தான். சில வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு ஓடி வந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை. மூக்கில் தடித்த கண்ணாடி. முதலாளி எடுத்துக் கொடுத்தாராம். "சேர், இப்பதான் பஸ்ஸு போர்டு எல்லாம் தெரியுது" என்று சிரித்தான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். அதைக் குடித்து முடிக்க எனக்கு முடியவில்லை.

அதற்குப் பிறகு யாரையாவது மக்கு என்று சொல்ல வாய் வந்தால் முதலில் முன் வாங்கில் உட்கார வைத்துப் பார்க்கிறேன். உங்கள் பிள்ளை டீவியை மூக்குக்குக் கிட்டப் போய்ப் பார்க்கிறதா, ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் தடுமாறுகிறதா, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறதா என்று வீட்டிலே கவனியுங்கள். எங்களிடம் சொல்லுங்கள்.

ஒழுக்கத்தைப் பற்றி அதிகம் பேசச் சொன்னார்கள். எனக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் பாக்குப் பொட்டலம் மென்றுகொண்டு வருகிறார்கள். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டால், "அப்பா கடைக்கு அனுப்புனாரு, மிச்சக் காசுல வாங்குனேன்" என்கிறான். நாமே வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டுப் பிள்ளையைத் திட்டினால் அவன் மனதுக்குள் சிரிப்பான். போனை ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு அம்மாவின் தலையணைக்குக் கீழே வையுங்கள். எங்கள் பக்கத்துக் குறையும் உண்டு. பஸ் பிந்தியது என்று ஆசிரியர்கள் பிந்தி வந்தால் பிள்ளையை நேரத்துக்கு வா என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. எங்களுக்கும் கையொப்பப் புத்தகம் உண்டு, பெற்றோர் சங்கத்தார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பிரம்பு என் அலுவலகத்தில் இல்லை. "நல்லா அடிச்சுப் படிப்பிங்க சேர்" என்று சொல்கிற ஐயாமார் கோபிக்க வேண்டாம்.

இனி, படித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி. இதை என்னிடம் நேரே கேட்ட தகப்பன் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்டது நியாயம். படித்தால் உத்தியோகம் நிச்சயம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். இதே இடாப்பை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேணும் என்பது 2016ஆம் ஆண்டிலிருந்து சட்டம். வேலைக்கு எடுக்கும் வயதையும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். வீட்டு வேலைக்கு என்றால் 18 வயது ஆக வேணும். "நல்ல வீடு, புள்ள மாதிரி வச்சிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிற தரகர் சட்டம் தெரியாதவர் அல்ல. தெரிந்துதான் வருகிறார். முற்பணம் வாங்கிவிட்டோம் என்று பயந்து பிள்ளையை அனுப்பாதீர்கள். முதலில் எங்களிடமோ தலைவரிடமோ வாருங்கள்.

சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தி, அதில் மூன்றில் திறமைச் சித்தி இருந்தால் உயர்தரத்துக்கு வழி. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு கேட்கிறார்கள். தோட்டம் 75 கேட்டது, இது 80. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது கலைத் துறை தவிர மற்றப் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடு முழுவதுக்கும், 55 வீதம் மாவட்டத்துக்கு மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை இரண்டும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. அந்த வாசல் நமக்கும் திறந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் கலைப் பிரிவு அல்லாத துறையில் படித்த பிள்ளைக்குத்தான். நம்ம பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டுமே இருக்கிறது. இது பெரிய குறை, நான் வலயக் கல்வி அலுவலகக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி என் தொண்டை போனதுதான் மிச்சம். ஆகவே ஒன்பதாம் தரத்திலேயே கணிதத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் வேறு பாடசாலைக்குப் போய்த் தொடர முடியும்.

சாதாரண தரம் சரிவரவில்லை என்றால் உடனே கொழும்புப் பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. மின்சார வேலை, தச்சு வேலை, தையல், கணினி என்று படிக்கலாம். என்.வி.கியூ. நான்காம் மட்டத்துச் சான்றிதழ் கையில் இருந்தால் அதே கொழும்புக்குப் போனாலும் தேத்தண்ணி வாளி தூக்கத் தேவையில்லை.

இதற்கெல்லாம் தடையாக நிற்பது பல நேரம் ஒரு காகிதம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பிள்ளைக்கு ஒரு பேர், இடாப்பில் ஒரு பேர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பேர். அப்பாவின் பேரில் ஓர் எழுத்துக் கூடுதல். பிறந்த திகதி ஒரு நாள் முன்பின். பரீட்சைக்கு அடையாள அட்டை வேணும், அடையாள அட்டைக்கு அந்தப் பத்திரம் சரியாக இருக்க வேணும். பதினோராம் தரத்தில் வந்து அழுதால் நேரம் போதாது. இப்போதே பார்த்துத் திருத்தினால் கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று நானும் கூட வருவேன்.

கடைசியாக ஒன்று. பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை இரண்டாம் தவணையிலிருந்து வரவில்லை. அம்மா வெளிநாட்டில், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பேர் சொல்ல மாட்டேன், எந்த லயம் என்றும் சொல்ல மாட்டேன். பக்கத்துக் காம்பராக்காரர்களுக்குத் தெரியும். பிள்ளைக் காம்பரா அம்மாவிடம் பேசினேன். சின்னவனைக் காலை ஏழு மணிக்கே எடுத்துக்கொள்ள அவர் சம்மதித்திருக்கிறார். நடுவில் இருப்பவனை முதலாம் தரத்துக்கு நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். பகல் ஒன்றரைக்குப் பிறகு இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள அந்த லயத்தில் ஓர் அப்பாயி வேணும். அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் பேரை நான் இன்னும் வெட்டவில்லை. யாராவது முன்வந்தால் நாளைக்குத் திங்கட்கிழமை அவளுக்கு முன் வாங்கில் இடம் இருக்கிறது.

பத்திரங்கள் கொண்டு வந்தவர்கள் ஜன்னல் பக்கத்து மேசைக்கு வாருங்கள். தேத்தண்ணி வெளியே இருக்கிறது, பிஸ்கட்டும் உண்டு. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் ஆனவர்கள் மட்டும் குடியுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.