சீனி உள்ளங்கையில், சாயம் கோப்பையில்



விஸ்கியையும் வைனையும் வீட்டிலேயே வைத்து, நிறம் பார்த்து, மணம் பிடித்து, மிடறு மிடறாகக் குடிப்பதை ஒரு கலை என்பார்கள். பியருக்குக்கூட அப்படி ரசிகர்கள் உண்டு. அந்த ரசனைக்குக் கொஞ்சமும் குறையாத பானம் ஒன்று நம்முடைய மடுல்சீமை மலையில் விளைகிறது. அதை நாம்தான் கேத்தலில் போட்டுக் கொதிக்கவைத்துக் கெடுக்கிறோம்.

மடுல்சீமை அடங்கிய ஊவாவின் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலம். தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டி நம் பக்கம் வரும்போது வறண்டுபோய் வரும். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களில் அந்தக் காற்றுக்குச் செடி வாடும், கொழுந்து குறையும். கூடையில் கிலோ நிறையாமல் நம் பெண்கள் அலுத்துக்கொள்ளும் நாட்களும் அவைதாம். ஆனால் வாட்டம் கண்ட அந்தக் கொழுந்தில்தான் மெதைல் சாலிசிலேட் என்ற வாசனைப் பொருள் கூடுகிறது. சுளுக்குக்குப் பூசும் வின்டர்கிரீன் தைலத்தின் வாசம் தெரியும்தானே? அதன் மெல்லிய சாயலைத்தான் வெளிநாட்டார் தேடி வாங்குகிறார்கள்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ருசி பார்ப்பவரைப் பார்த்திருப்பீர்கள். உலகத் தர முறைப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடி போட்டு 6 நிமிடம். வடித்த சாயத்தைக் கரண்டியில் எடுத்து, சபை மரியாதை எல்லாம் மறந்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சுவார். காற்றோடு சேர்ந்தால்தான் மணம் மூக்குவரை ஏறும். வெந்த இலையையும் விடமாட்டார். புதுச் செம்புக்காசு நிறத்தில் இருந்தால் முகம் மலரும்.

வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். புதிதாகப் பிடித்த தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் தூளின்மேல் ஊற்றி, மூடி, மூன்று நான்கு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். தூளோடு சேர்த்துக் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். துவர்ப்பும் கசப்பும்தான் மிஞ்சும். தூள் டின்னை அடுப்புக்கு மேலே வைப்பதும் தப்பு. தேயிலை புகையையும் கருவாட்டு வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஆறிய சாயம் கலங்கினால் பழுதென்று ஊற்றாதீர்கள். நல்ல திடமான தேயிலைதான் அப்படிக் கலங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் லயத்துப் பாட்டிமாரை எந்த வைன் ரசிகருக்கும் முன்னால் நிறுத்தலாம். சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று பிளேன்டீ குடிப்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். சீனி இல்லாத கைகளில் கருப்பட்டித் துண்டு இருக்கும். இனிப்பு நாக்கில் நிற்கும், கோப்பைக்குள் போகாது. சாயம் சுத்தமாகவே இருக்கும். இதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் கணக்கில் ஊவாத் தேத்தண்ணியைக் குடிக்க இதைவிட நல்ல முறை கிடையாது. பால்மா போட்டால் பசி ஆறும், அதை மறுக்கவில்லை, ஆனால் மணம் போய்விடும்.

குறை ஒன்று உண்டு. கொழுந்து எடுக்கிற வீட்டுக்குள் பெரும்பாலும் வருவது டஸ்ட் என்ற பொடித் தூள்தான். நல்ல ரகம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகிறது. இந்த ஆகஸ்டிலாவது அந்தப் பருவத்து பி.ஓ.பி. ரகத் தூளில் கால் கிலோ கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். முதல் கோப்பையைப் பாலும் சீனியும் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள்.